மடலாடற்குழுவில் எழுதும்போது: பழகியவர்கள் கவனிக்கிற விஷயங்கள்

மடலாடற்குழு என்பது, ஒரே முகவரிக்கு அனுப்பும் மின்னஞ்சல் எல்லா உறுப்பினருக்கும் போய்ச் சேரும் குழு. அதற்கு அனுப்புகிற ஒரு மடலுக்கு இரண்டு வகை வாசகர்கள் உண்டு. இன்று தன் அஞ்சல்பெட்டியில் அதைத் திறக்கிறவர் ஒருவர். சில வருடங்கள் கழித்து, அதே சிக்கலில் மாட்டிக்கொண்டு, குழுவின் காப்பகத்தில் தேடித்தேடி அந்த மடலுக்கு வந்து சேர்கிறவர் இன்னொருவர். இந்த இரண்டாமவரால் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. நீங்கள் அப்போது அந்தக் குழுவிலேயே இல்லாமல் இருக்கலாம். குழு நாகரிகம் என்று சொல்லப்படும் பழக்கங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு பேரின் நேரத்தையும் மதிப்பதற்காக வந்தவை.

1995 அக்டோபரில் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நாகரிகக் குறிப்பு இன்றும் படிக்கத் தகுந்தது. ஒரு குழுவில் சேர்ந்ததும் எழுதத் தொடங்காமல் ஒன்றிரண்டு மாதம் மற்றவர்கள் பேசுவதைக் கவனியுங்கள் என்று அது சொல்கிறது. அவ்வளவு நாள் பொறுக்க இன்று யாருக்கும் முடியாது. ஆனால் காப்பகத்தில் கடைசியாக வந்த முப்பது நாற்பது மடல்களைப் படிக்க அரை மணிநேரம் போதும். அங்கே பதிலை மேலே எழுதுகிறார்களா கீழே எழுதுகிறார்களா, தலைப்பில் என்ன அடைப்புக்குறி போடுகிறார்கள், யார் மட்டுறுத்துநர் (மடல்களைப் பார்த்து அனுமதிக்கும் பொறுப்பாளர்), எது பேசுபொருள், எது இல்லை என்பதெல்லாம் அந்த அரை மணியில் பிடிபட்டுவிடும்.

நாகரிகம் என்றதும் எல்லோருக்கும் சண்டைதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில், குழுக்களில் எழும் எரிச்சலில் பெரும்பங்கு மடல் எப்படிப் பயணிக்கிறது என்பது தெரியாமல் செய்யும் காரியங்களால் வருவது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. காரணம் தெரிந்துவிட்டால் தானாக நின்றுவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புதிய பேச்சுக்குப் புதிய மடல்

ஒவ்வொரு மடலும் கிளம்பும்போது அதற்கென ஒரு தனி அடையாளக் குறி ஒட்டப்படுகிறது. மெசேஜ்-ஐடி என்பது அதன் பெயர். நீங்கள் ஒரு மடலுக்குப் பதில் பொத்தானை அழுத்தினால், அந்த மூல மடலின் குறி உங்கள் மடலின் ஹெடரில் (மடலோடு போகும் தகவல் வரிகளில்) ‘இன்-ரிப்ளை-டு’, ‘ரெஃபரன்சஸ்’ என்ற இரண்டு வரிகளில் ஏறிக்கொள்ளும். திரையில் அது தெரியாது. காப்பகமும் பல அஞ்சல் நிரல்களும் ஒரு மடலையும் அதன் பதில்களையும் ஒரே இழையாகக் கோப்பது இந்தக் குறிகளை வைத்துத்தான்.

குழு முகவரியைத் தட்டச்சுச் செய்யச் சோம்பல்பட்டு, ஏதோ ஒரு பழைய மடலைத் திறந்து, பதில் அழுத்தி, தலைப்பையும் உள்ளே இருந்ததையும் அழித்துவிட்டுப் புதிய கேள்வி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஜிமெயிலில் தலைப்பு மாறினால் அது தனி உரையாடலாகக் காட்டும். அதனால் அனுப்பியவருக்கு எந்தத் தவறும் கண்ணில் படாது. ஆனால் தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் நிரலிலும் குழுக் காப்பகத்திலும் அந்தக் கேள்வி சம்பந்தமே இல்லாத ஒரு பழைய இழையின் வயிற்றுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இழையில் ஆர்வம் இல்லை என்று ஒதுக்கி வைத்தவர்கள் உங்கள் கேள்வியைப் பார்க்கவே மாட்டார்கள். பதில் வரவில்லையே என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

எனவே குழு முகவரியைத் தொடர்புகளில் சேமித்து வையுங்கள்; புதிய விஷயத்துக்குப் புதிய மடலைத் திறங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. பதில் எழுதும்போது புதிய மடலைத் திறந்து தலைப்பில் ‘ரீ:’ என்று கையால் சேர்த்தால் இழையோடு அது கோக்காது, தனியாக விழும். பேச்சு நடுவில் திசை மாறினால் தலைப்பை மாற்றி, பழையதை ‘(முன்பு: இன்னது)’ என்று பக்கத்தில் போடுவது நல்ல வழக்கம்.

நாள் முழுவதும் வந்த மடல்களை ஒரே மடலாகக் கட்டித் தரும் திரட்டு மடல் வசதியில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதற்கு நேராகப் பதில் அழுத்தினால் திரட்டு எண்தான் தலைப்பாகப் போகும், அன்றைய அத்தனை மடல்களும் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். தலைப்பை மூல மடலின் தலைப்பாக மாற்றி, நீங்கள் பதில் சொல்லும் பத்தியைத் தவிர மற்றதை அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தாலும் இழை சரியாகக் கோக்காது. அடிக்கடி எழுதுகிறவருக்குத் திரட்டு மடல் ஒத்துவராது. தனித்தனி மடல்களாகப் பெற்று, வடிகட்டி போட்டு ஒரு கோப்புறைக்குள் விழ வைப்பதே வசதி.

தலைப்பும் கேள்வியும்

‘உதவி தேவை’, ‘அவசரம்’, ‘ஒரு சந்தேகம்’. இந்த மூன்று தலைப்புகளும் ஒன்றுதான்: எதுவும் சொல்லாத தலைப்பு. பதில் தெரிந்தவர் அதைத் திறக்காமலே நகர்ந்துவிடுவார். தலைப்பில் பொருளும் அதில் நேர்ந்த பிறழ்வும் இருக்க வேண்டும்:

லிபர்ஆபிஸ் ரைட்டர்: பிடிஎஃப் ஆக்கினால் பக்க எண் மறைகிறது

கைபேசித் திரையில் தலைப்பின் முற்பகுதி மட்டுமே தெரியும் என்பதால் முக்கியச் சொல் முன்னால் வரட்டும். குழுவே தன் பெயரைச் சதுர அடைப்புக்குறியில் தலைப்புக்கு முன்னால் ஒட்டுகிறது என்றால் இடம் இன்னும் குறையும்.

மடலின் உள்ளே நான்கு விஷயம் வேண்டும்: என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, ஏற்கெனவே எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள். மென்பொருள் என்றால் அதன் பதிப்பு எண்ணும் இயங்குதளமும். ‘வேலை செய்யவில்லை’ என்பது தகவல் ஆகாது. ‘பத்துப் பக்கக் கோப்பு; அடிப்பகுதியில் பக்க எண் சேர்த்திருக்கிறேன்; அச்சு முன்னோட்டத்தில் தெரிகிறது, பிடிஎஃப்பில் முதல் பக்கத்தில் மட்டும் இல்லை’ என்பது தகவல். இப்படி எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தென்பட்டுவிடும்; முதல் பக்கத்துக்குத் தனிப் பாணி இருக்கிறதோ என்று தோன்றும்.

பிழைச் செய்தியைத் திரைப்பிடிப்பாக ஒட்டாமல் எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் காப்பகத் தேடல் கண்டுபிடிக்காது. திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற உறுப்பினருக்கும் அது எட்டாது.

ஒரு மடலுக்கு ஒரு கேள்வி. சம்பந்தமில்லாத இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு மடல். ஒன்றாக அனுப்பினால் எளிதானதற்குப் பதில் வரும், கடினமானது அப்படியே மறக்கப்படும்.

பதில் வராவிட்டால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, உங்கள் மடலுக்கே நீங்கள் பதிலாக, இடையில் கண்டறிந்த ஏதேனும் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள். அதே மடலை மறுபடி அனுப்புவதால் பயனில்லை. பல குழுக்களுக்கு ஒரே மடலை ஒரே நேரத்தில் அனுப்புவதும் வேண்டாம். ஒரு குழுவில் மட்டும் இருப்பவர் ‘எல்லோருக்கும் பதில்’ பொத்தானை அழுத்தும்போது அவர் உறுப்பினராக இல்லாத மற்ற குழு அதைத் தடுத்துவிடும். பேச்சு துண்டு துண்டாகிப் பாதி இங்கும் பாதி அங்கும் கிடக்கும்.

சிக்கல் தீர்ந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ‘தனிமடலில் தீர்ந்துவிட்டது, நன்றி’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். எப்படித் தீர்ந்தது என்பதை மூன்று நான்கு வரியில் அதே இழையில் எழுதி, தலைப்பில் [தீர்ந்தது] என்று சேருங்கள். உதவியவர்களுக்கு நன்றியை அதே மடலில் பெயர் சொல்லிச் சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல் மடலைக் குழுவுக்கு அனுப்புவதைவிட அது அவர்களுக்கும் மகிழ்ச்சி தரும், பின்னால் வருகிறவருக்கும் வழி காட்டும்.

மேற்கோளை வெட்டுவது

பதில் எழுதும்போது மூல மடல் முழுவதையும் கீழே தொங்கவிட்டு மேலே ‘ஆமாம், அதுதான் சரி’ என்று எழுதினால், எதற்கு ஆமாம் என்று தேட வாசகர் கீழே போய் மேலே வர வேண்டும். உரையாடல் நீளமான குழுக்களில் நன்றாக ஓடும் முறை இடையிடையே பதில் எழுதுவது:

இளங்கோ எழுதியது:
> முதல் பக்கத்தில் மட்டும் பக்க எண் வரவில்லை.
[...]

அந்தப் பக்கத்தின் பாணி ‘முதல் பக்கம்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதற்கு அடிப்பகுதி தனியாக இயக்க வேண்டும்.

> எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பாணி வைத்தால் போதுமா?

போதும், அட்டைப் பக்கம் வேண்டாமென்றால்.

யார் எழுதியது என்ற வரி இருக்கிறது, எடுத்துக்கொண்ட வரி மட்டும் இருக்கிறது, வெட்டிய இடத்தில் [...] இருக்கிறது. வெட்டும்போது எழுதியவரின் கருத்து திரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘எல்லா நேரத்திலும் அல்ல, ஆனால்’ என்ற முன்பகுதியை வெட்டிவிட்டுப் பின்பகுதியை மட்டும் எடுத்து வாதம் செய்வது நேர்மையில்லாத காரியம். குழுவின் வழக்கம் மேலே பதில் எழுதுவது என்றால் அங்கே அப்படியே எழுதுங்கள். ஆனால் தொங்குகிற வாலை அப்போதும் வெட்டுங்கள்.

வெட்டாமல் விடுவதால் தமிழ் மடல்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ‘கு’ என்பது ககரமும் உகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட். அஞ்சலில் போகும்போது அது பேஸ்64 என்ற அனுப்பும் வடிவத்துக்கு மாறினால் மூன்று பைட் நான்காகிறது. நிறமும் எழுத்துருவும் சேர்க்க உதவும் எச்டிஎம்எல் வடிவில் அனுப்பினால் பொதுவாக வெறும் உரை ஒருமுறை, அலங்கரித்த உரை ஒருமுறை என்று ஒரே மடலில் இரண்டு பிரதி போகும். பல குழுக்கள் இயங்கும் மெயில்மேன் 2 மென்பொருளில் ஒரு மடலுக்கு இயல்பாக வைத்திருக்கும் அளவு வரம்பு 40 கிலோபைட். நிர்வாகி அதை உயர்த்தாத குழுவில், ஐந்தாறு பேர் வெட்டாமல் பதில் எழுதிய தமிழ் இழை அந்த வரம்பைத் தாண்டி மட்டுறுத்துநரிடம் போய் நிற்கும்.

இதே கணக்கு இணைப்புக் கோப்புக்கும் உண்டு. 3 எம்பி படம் மடலில் சுமார் 4 எம்பி ஆகிறது. 500 உறுப்பினர் உள்ள குழு என்றால் சர்வரிலிருந்து 2 ஜிபி வெளியே போக வேண்டும், அந்தப் படத்தை நாலு பேர்தான் திறப்பார்கள் என்றாலும். கோப்பை வேறெங்காவது ஏற்றிவிட்டுச் சுட்டி கொடுங்கள். ஆனால் சாரமான வரிகளை மடலுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்; சுட்டிகளுக்கு ஆயுள் குறைவு. 2020 டிசம்பர் 15 அன்று யாஹூ குழுமங்கள் மூடப்பட்டபோது, ‘இந்த மடலில் விளக்கியிருக்கிறேன், பாருங்கள்’ என்று அங்கே சுட்டிய மடல்கள் எல்லாம் வெறும் கை காட்டிகளாக நின்றுபோயின.

எச்டிஎம்எல் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸ் கெர்னல் குழு போன்றவை எச்டிஎம்எல் மடல்களைத் திருப்பியே அனுப்பிவிடும். மற்ற இடங்களில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. இருந்தாலும் நிறத்தை நம்பிப் பொருள் சொல்லாதீர்கள். ‘சிவப்பில் உள்ளது என் பதில்’ என்றால், வெறும் உரையாகப் படிக்கிறவருக்கு எது யாருடையது என்றே தெரியாது.

கையொப்பம் நான்கு வரிக்குள். அதற்கு முன்னால் இரண்டு சிறுகோடும் ஓர் இடைவெளியும் மட்டும் கொண்ட ஒரு வரி வைத்தால், பல அஞ்சல் நிரல்கள் அதை அடையாளம் கண்டு, பதில் எழுதும்போது கையொப்பத்தைத் தாமாக நீக்கிவிடும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் வேலை செய்யாது. ‘இந்த மடல் இரகசியமானது, உரியவர் அல்லாதோர் அழித்துவிடவும்’ என்று அலுவலக மடலில் தானாகச் சேரும் அறிவிப்பு பொதுக் குழுவுக்குப் பொருத்தமற்றது. குழுவுக்கென்று சொந்த முகவரி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. கைபேசி எண், வீட்டு முகவரி எதுவும் கையொப்பத்தில் வேண்டாம். காப்பகம் பொதுவில் திறந்திருந்தால் தேடுபொறிகள் அதைப் படிக்கும். மடலைத் திரும்ப அழைக்கும் வசதி சில அலுவலக அஞ்சலில் இருக்கிறது. அது நிறுவனத்துக்கு வெளியே போன மடலிடம் செல்லாது.

யாருக்குப் போகிறது

குழுக்களில் இரண்டு வகை அமைப்பு உண்டு. சிலவற்றில் பதில் பொத்தான் நேராகக் குழுவுக்கே அனுப்பும். சிலவற்றில் எழுதியவருக்கு மட்டும் போகும். முதல் வகையில், ஒருவரிடம் மட்டும் சொல்ல நினைத்தது எல்லோர் முன்னாலும் விழுந்துவிடும். இரண்டாம் வகையில், எல்லோருக்கும் பயன்படும் நல்ல விடை ஒருவரின் பெட்டிக்குள் அடங்கிவிடும், காப்பகத்துக்கு வராது. தண்டர்பேர்டில் ‘குழுவுக்குப் பதில்’ என்று தனிப் பொத்தானே இருக்கிறது. 1998இல் ஆர்எஃப்சி 2369 வரையறுத்த ‘லிஸ்ட்-போஸ்ட்’ ஹெடரைப் பார்த்து அது வேலை செய்கிறது.

இன்னொரு குழப்பம் 2014 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது. அனுப்புநர் முகவரி போலியா என்று சரிபார்க்கும் டிமார்க் விதியை யாஹூ அப்போது கண்டிப்பாக்கி, யாஹூ முகவரியைப் போட்டுக்கொண்டு வேறு சர்வரிலிருந்து வரும் மடல்களை நிராகரிக்கும்படி மற்ற அஞ்சல் சேவைகளிடம் சொன்னது. மடலாடற்குழுவின் வேலையே ஒருவர் மடலைத் தன் சர்வர் வழியாக மறுபடி அனுப்புவது. அதனால் பல குழுக்கள் அனுப்புநர் இடத்தில் குழு முகவரியைப் போட்டு, ‘இன்னார், இந்தக் குழு வழியாக’ என்று காட்டத் தொடங்கின. பார்க்க அந்த நபரின் மடல் போலவே இருக்கும், முகவரி குழுவினுடையது. தனிமடல் என்று நம்பி அதற்கு எழுதினால் எல்லோருக்கும் போகலாம். அனுப்பும் முன் பெறுநர் வரியை எழுத்து எழுத்தாகப் படிப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், முகவரியைப் பாருங்கள்.

தனிமடலில் ஒருவர் எழுதியதை அவர் அனுமதி இல்லாமல் குழுவில் போடவே கூடாது. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் நம்பிக்கை போய்விடும்.

1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் பெட்லாம் டிஎல்3 என்ற அஞ்சல் பட்டியலில் சுமார் 13,000 முகவரிகள் இருந்தன. ‘என்னை ஏன் இதில் சேர்த்தீர்கள், நீக்குங்கள்’ என்று ஒருவர் பட்டியலுக்கே எழுத, ‘என்னையும்’, ‘என்னையும்’ என்று மற்றவர்கள் எல்லோருக்கும் பதில் அனுப்ப, ‘எல்லோருக்கும் பதில் அனுப்பாதீர்கள்’ என்று இன்னும் பலர் எல்லோருக்கும் அனுப்ப, சுமார் ஒன்றரைக் கோடி மடல்கள் கிளம்பி அஞ்சல் சர்வர்களைத் திணறடித்தன. இன்றைய சிறு குழுவிலும் இது குட்டி வடிவில் நடக்கும். அப்படி ஒன்று தொடங்கினால் நீங்கள் செய்யக்கூடியது அமைதியாக இருந்து, மட்டுறுத்துநருக்குத் தனிமடல் போடுவது.

விடுமுறைக்குப் போகும்போது வைக்கும் தானியங்கி மறுமொழியும் இதே குடும்பம். ஒழுங்காக எழுதிய நிரல் குழு மடல்களுக்குப் பதில் அனுப்பாது. கையால் அமைத்த விதிகள் குழு மடலா என்று பார்ப்பதில்லை. கிளம்பும் முன் குழுவின் உறுப்பினர் பக்கத்தில் மடல் வருவதை நிறுத்தி வைத்துவிட்டு, திரும்பியதும் இயக்கிக்கொள்ளுங்கள். உறுப்பினர் நிலை போகாது.

மடல் குழுவில் வரவில்லை என்றால்

மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். நிறுத்தி வைக்கப்பட்டதெல்லாம் மட்டுறுத்துநரிடம் வரிசையில் நிற்கும். அவர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விடுவித்தால் உங்கள் மடல் நான்கு முறை வரும். வழக்கமான காரணங்கள் சிலதான். சேர்ந்தது ஒரு முகவரியில், அனுப்பியது இன்னொரு முகவரியில். கைபேசியில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது சகஜம். அளவு வரம்பு. குழு முகவரியை பிசிசி என்ற மறைவுப் பெறுநர் வரியில் போட்டது. பெறுநர் வரியில் குழு முகவரி இல்லாத மடலை மெயில்மேன் இயல்பாகவே சந்தேகிக்கும். பெறுநர்கள் பத்து அல்லது அதற்கு மேல் என்றாலும் நிறுத்தும். புதிய உறுப்பினரின் முதல் மடலை மட்டுறுத்துநர் படித்த பிறகே விடுவது சில குழுக்களின் வழக்கம். ஒரு நாள் பாருங்கள், பிறகு மட்டுறுத்துநரிடம் கேளுங்கள்.

கருத்து வேறுபடும்போது

இழையைக் கடைசி மடல் வரை படித்த பிறகே பதில் எழுதத் தொடங்குங்கள். நீங்கள் சொல்ல வந்ததை மூன்றாவது மடலில் வேறொருவர் சொல்லியிருப்பார். ஊகத்தைச் சொல்வதென்றால் ஊகம் என்று சொல்லிவிடுங்கள். ‘கூகுளில் தேடுங்கள்’ என்று மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பாத காரியம். பின்னாளில் ஒருவர் தேடும்போது முதலில் கிடைப்பது அந்த மடலாகவே இருக்கும்.

மறுப்பதென்றால் அவர் எழுதிய வரியை அப்படியே எடுத்துப்போட்டு, அந்த வரிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ‘நீங்கள் சொல்ல வருவது இதுதானே’ என்று உங்கள் சொல்லில் திருப்பி எழுதினால் அடுத்த ஐந்து மடல் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்றே ஓடும். முன்பின் தெரியாதவர் எல்லோரும் ‘நீங்கள்’தான், பெயரை வைத்து ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்று ஊகிக்கத் தேவையில்லை. ‘மேதை அவர்களே’, ‘எல்லாம் தெரிந்த ஐயா’ என்ற விளிகள் வசையைவிட ஆழமாகக் குத்தும், மன்னிப்புக் கேட்கவும் இடம் தராது.

கோபத்தில் எழுதியதை வரைவாக வைத்து, பெறுநர் முகவரியை அழித்துவிடுங்கள், கை தவறி அழுத்தினாலும் போகாது. மறுநாள் காலையில் படித்துப் பார்த்து, தேவையானது மட்டும் மிஞ்சட்டும். இரண்டே பேர் மூன்று நான்கு முறை மாறிமாறி எழுதி, புதிய தகவல் எதுவும் சேரவில்லை என்றால் அது தனிமடலுக்குப் போக வேண்டிய பேச்சு. எழுத்துப் பிழை திருத்தமும், மட்டுறுத்துநரின் முடிவு மீதான குறையும் முதலிலேயே தனிமடல்தான்.

விலகும்போது

‘என்னை நீக்கவும்’ என்று குழுவுக்கு எழுதினால் எல்லா உறுப்பினரும் படிப்பார்கள், யாராலும் நீக்க முடியாது. பெரும்பாலும் ஒவ்வொரு மடலின் அடியிலும் விலகும் சுட்டி இருக்கும். ஹெடரிலும் ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ என்ற வரி இருக்கும். அஞ்சல் செயலிகள் மடலின் மேல் பகுதியில் காட்டும் விலகல் பொத்தான் அதிலிருந்துதான் வருகிறது. கோரிக்கை அனுப்பியதும் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மடல் வரலாம். அதற்குப் பதில் சொன்னால்தான் விலகல் முடியும், பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

‘நீங்கள் உறுப்பினரே அல்ல’ என்று பதில் வந்தால், பழைய முகவரியில் சேர்ந்திருக்கிறீர்கள், அங்கிருந்து மடல்கள் இங்கே திருப்பிவிடப்படுகின்றன என்று பொருள். மடலின் மூல வடிவத்தைக் காட்டும் வசதியைத் திறந்து ‘டெலிவர்ட்-டு’, ‘ரிசீவ்டு’ வரிகளில் அந்தப் பழைய முகவரி இருக்கிறதா பாருங்கள். கிடைத்தால் அந்த முகவரியைக் கொடுத்து விலகுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் அந்த வரிகளை நகலெடுத்து மட்டுறுத்துநருக்கு அனுப்பினால் அவர் நீக்கிவிடுவார். எரிச்சலில் குப்பை அஞ்சல் என்று குறிக்காதீர்கள். அப்படிக் குறிக்கும் ஒவ்வொரு முறையும் குழுவின் சர்வர் மீது அஞ்சல் சேவையின் நம்பிக்கை குறையும். தொடர்ந்து படிக்க விரும்பும் மற்ற உறுப்பினர்களின் மடல்களும் குப்பைப் பெட்டிக்குள் விழத் தொடங்கும்.